உங்கள் மனசும் என் அரிசியும்

2022ஆம் ஆண்டு தவக்காலத்தின் இரண்டாம் வாரத்தில், ஐந்து கிலோ அரிசிப் பை ஒன்றை எடுத்துக்கொண்டு, மதுரையில் வைகையின் வடகரையில் உள்ள ஒரு சந்துக்குள் நானும், எங்கள் பங்கில் (எங்கள் கத்தோலிக்கக் கோயிலைச் சேர்ந்த சமூகத்தில்) ஏழைகளின் வீடு தேடிப் போய் உதவும் வின்சென்ட் தே பவுல் சபையின் செயலரும் போனோம். எங்கள் பங்கில் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனி டப்பாவில் போட்டு வைப்பார்கள். மாதக் கடைசி ஞாயிறன்று அதைக் கோயிலுக்குக் கொண்டுவந்து கொட்டுவார்கள். அந்தப் பிடியரிசியிலிருந்து அளந்த பைதான் அது. பல வீட்டு அரிசி என்பதால் பொன்னியும் ரேஷன் அரிசியும், பழையதும் புதியதும் அதில் கலந்தே இருக்கும். ஆளுக்கு ஒரு விதமாக வேகும் என்று வாங்குகிறவர்கள் சொல்வதுண்டு. ஆனாலும் அந்த அரிசியின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. என் அம்மா, வீட்டில் அரிசி குறைந்திருந்த நாள்களிலும் அந்த ஒரு பிடியை எடுக்கத் தவறியதில்லை.

நாங்கள் பார்க்கப் போன அம்மாவுக்கு அப்போது அறுபத்தாறு வயது. கணவர் இல்லை, மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறார். நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்து அவர் தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மாதமாக அவருக்கு ரேஷன் கடையில் அரிசி கிடைக்கவில்லை. 2020 அக்டோபரில் தமிழகத்து ரேஷன் கடைகளுக்குக் கைரேகை வைத்துப் பொருள் வாங்கும் முறை வந்திருந்தது. ஓராண்டுக்கு மேல் எப்படியோ ரேகை விழுந்துவிட்டது, பிறகு விழவில்லை. வலது கையை விரித்து என் முன்னால் காட்டினார். நாற்பது வருடமாகச் சாம்பலும் சோப்பும் கம்பி நாரும் உரசி உரசி, அந்த விரல் நுனிகள் பழைய வீட்டு வாசல்படியைப் போல வழவழப்பாகத் தேய்ந்திருந்தன. ரேகை ஓட வேண்டிய இடத்தில் குறுக்கே வெடிப்புகள் ஓடின. கட்டைவிரலின் ஓரத்தில் மட்டும் மெல்லிய இரண்டு மூன்று கோடுகள் மிச்சமிருந்தன.

“அஞ்சு விரலையும் வைக்கச் சொன்னாங்க தம்பி. சேலையில தொடச்சு வச்சேன், தண்ணி தொட்டு வச்சேன். மிஷினு எடுக்கவே மாட்டேங்குது. ஃபோனுக்கு நம்பர் வரும், அதச் சொல்லுங்கன்னாங்க. அந்த நம்பரு மகனோட பழைய நம்பரு, அவன் அதை மாத்திட்டான்” என்றார். கடைக்காரர்மீது அவருக்குக் கோபம் இல்லை. அந்தப் பிள்ளை என்ன செய்யும் என்றுதான் சொன்னார். பையை நீட்டினோம். இரண்டு கையாலும் வாங்கி, உள்ளே கொண்டுபோய்ச் சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டு வந்தார். நாங்கள் செபம் சொல்லிப் புறப்படும் நேரத்தில், வாசலில் நின்றுகொண்டு, “நீங்க குடுக்குறது உங்க மனசு தம்பி, நல்லாருக்கணும். ஆனா கடையில கெடக்குறது என் அரிசி. அத வாங்கிக் குடுக்க வழி பாருங்க” என்றார்.

அன்று இரவு என்னால் சரியாகத் தூங்க முடியவில்லை. கருமாத்தூர் அருள் ஆனந்தர் கல்லூரியில் படித்த நாள்களில், திருஅவையின், அதாவது கத்தோலிக்கத் திருச்சபையின், சமூகப் போதனை பற்றி இயேசு சபைக் குரு ஒருவர் எங்களுக்கு வகுப்பு எடுத்திருக்கிறார். அப்போது எழுதிய குறிப்பேட்டை வீட்டுப் பரணில் தேடி எடுத்தேன். உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 நவம்பரில் வெளியிட்ட, பொதுநிலையினரின் (துறவியரும் குருக்களும் அல்லாத மக்களின்) திருத்தூதுப் பணி பற்றிய ஆணையின் எட்டாம் பத்தியை நான் கோடிட்டு வைத்திருந்தேன். முதலில் நீதியின் கடனைத் தீர்க்க வேண்டும், நீதியின்படி ஒருவருக்குச் சேர வேண்டியதை அன்பின் கொடையாகக் கொடுத்துவிடக் கூடாது என்பது அதன் சாரம். தீமையின் விளைவுகளை மட்டும் நீக்காமல் அதன் காரணங்களையே நீக்க வேண்டும் என்றும், உதவி பெறுகிறவர் மெல்ல மெல்லப் பிறரைச் சார்ந்திருக்கும் நிலையிலிருந்து விடுபடும் வகையில் உதவி அமைய வேண்டும் என்றும் அதே பத்தி தொடர்கிறது. நான்காம் நூற்றாண்டில் மிலான் நகரின் ஆயராக இருந்த புனித அம்புரோசியார், ஏழைக்குக் கொடுக்கும்போது நீ உன்னுடையதைக் கொடுக்கவில்லை, அவனுடையதையே திருப்பித் தருகிறாய் என்று எழுதினார். திருத்தந்தை ஆறாம் பவுல் 1967இல் மக்களின் முன்னேற்றம் பற்றி எழுதிய சுற்றுமடலில் (திருஅவை முழுவதற்கும் திருத்தந்தை எழுதும் போதனைக் கடிதம்) அந்தச் சொற்களை எடுத்தாண்டார். இவ்வளவையும் படித்துத் தேர்வும் எழுதிய நான், பள்ளிக்கூடமே போகாத ஒரு பெண் அதைத் தன் வாசலில் நின்று சொன்ன பிறகுதான் அதன் பொருளை உணர்ந்தேன்.

மதுரைப் பக்கத்து மனிதர்களுக்கு இந்தக் கொடைக்கும் கடனுக்கும் இடையிலுள்ள வேறுபாடு புதியதாக இருக்க முடியாது. 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிப் பேச்சு வழியாகவே கேட்டு வளர்ந்த தலைமுறையில் என் தாத்தாவும் ஒருவர். அந்தப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்து மக்கள் லட்சக்கணக்கில் மாண்டார்கள், பலர் இலங்கைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனார்கள். அந்த நேரத்திலும் தானிய வணிகத்தில் அரசு தலையிடலாகாது என்பதுதான் ஆட்சியின் கொள்கையாக இருந்தது. துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறிக்கொண்டும் இருந்தது. 1877இன் தொடக்கத்தில், நிவாரண வேலைக்கு வரும் ஆணுக்கு நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும் என்று, பஞ்ச நிவாரணத்தைப் பார்வையிட ஆங்கில அரசு அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. அதைத் தின்றுவிட்டு அவன் கல் உடைக்க வேண்டும். ஊருக்கு ஊர் கஞ்சித்தொட்டி திறந்தவர்கள் இருந்தார்கள். அவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஆனால் ஒரு மாகாணமே பட்டினி கிடக்கும்போது எத்தனை கஞ்சித்தொட்டிகள் போதும்? பஞ்சத்தை மழை தொடங்கி வைத்திருக்கலாம், அத்தனை பேரைக் கொன்றது கொள்கை. அது நடந்து 14 ஆண்டுகள் கழித்து, 1891 மே 15 அன்று, திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ ‘ரேரும் நோவாரும்’ என்ற சுற்றுமடலை வெளியிட்டு, தொழிலாளரின் கூலியும் வறுமையும் அரசின் கடமைக்குள் வருபவை என்று எழுதினார். அவர் மனத்தில் இருந்தவை ஐரோப்பியத் தொழிற்சாலைகள்தான் என்றாலும், அதைப் படிக்கும்போதெல்லாம் என் கண்முன் வருபவர்கள் தாது வருஷத்து ஜனங்களே.

அதே பஞ்சம் வேறொன்றையும் விட்டுச் சென்றது. மேற்கே ஓடி வீணாகக் கடலில் கலக்கும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பி வைகையோடு சேர்க்க வேண்டும் என்ற நெடுநாள் யோசனைக்கு அந்தப் பஞ்சமே வேகம் கொடுத்தது. பென்னிகுவிக் கட்டிய அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது. கம்பம் பள்ளத்தாக்கில் இன்றும் அவர் படத்தை வீட்டில் மாட்டி வைத்திருக்கிறார்கள், அவர் பிறந்த சனவரி 15 அன்று அவர் பெயரில் பொங்கல் வைக்கிறார்கள். அந்த அணையில் ஆங்கில அரசின் வருவாய்க் கணக்கும் இருந்தது, அந்தத் தண்ணீர் முதலில் நிலம் உள்ளவனுக்கே பாய்ந்தது, நிலமில்லாதவன் அதே வயலில் கூலியாகவே நின்றான் என்பவற்றையெல்லாம் நான் மறக்கவில்லை. ஆயினும் மேலூர் வரை பல தலைமுறைகள் சோறு உண்டது அந்த நீரால்தான். திருத்தந்தை பிரான்சிஸ் 2020இல் எழுதிய ‘ஃபிரத்தெல்லி தூத்தி’ சுற்றுமடலின் 186ஆம் பத்தியில் ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறார். முதியவர் ஒருவரை ஆற்றைக் கடக்கக் கைபிடித்து அழைத்துச் செல்பவர் செய்வது அன்புச் செயல், அந்த ஆற்றுக்குப் பாலம் கட்டும் அரசியல்வாதி செய்வதும் அன்புச் செயலே என்கிறார். எங்கள் ஊர்க்காரர்களிடம் இதைப் பாலத்தை விட்டுவிட்டு அணையாகச் சொன்னால் ஒரே நொடியில் பிடிபடும்.

அரசு எதையெல்லாம் கடனாகச் செய்ய வேண்டும் என்பதற்குத் திருஅவையின் ஏடுகளில் மங்கலான வார்த்தைகள் மட்டும்தான் உள்ளன என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியில்லை. இருபத்து மூன்றாம் யோவான் 1963 ஏப்ரலில் வெளியிட்ட ‘பாச்சம் இன் தெர்ரிஸ்’ சுற்றுமடலின் பதினொன்றாம் பத்தி, உணவு, உடை, உறைவிடம், ஓய்வு, மருத்துவம், தேவையான சமூகப் பணிகள் என்று உரிமைகளைப் பெயர் சொல்லி அடுக்குகிறது. நோய், வேலை செய்ய இயலாமை, கைம்மை, முதுமை, வேலையின்மை ஆகிய நிலைகளில் காக்கப்படும் உரிமையும் அதே பத்தியில் உண்டு. நம் தாலுகா அலுவலகத்தில் முதியோர் உதவித்தொகைக்கும் விதவை உதவித்தொகைக்கும் நீட்டுகிற விண்ணப்பங்கள் எல்லாம் அந்த ஒரு பத்திக்குள் அடங்கிவிடும். பதினாறாம் பெனடிக்ட் 2005இல், சமூகத்தையும் அரசையும் நீதியாக ஒழுங்கமைப்பது அரசியலின் கடமை என்றும், திருஅவை அரசின் இடத்தில் உட்கார முடியாது, உட்காரவும் கூடாது என்றும், அதற்காக நீதிக்கான போராட்டத்தில் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கவும் முடியாது என்றும் எழுதினார். மூன்றையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எங்களில் பலர் முதல் இரண்டைப் பிடித்துக்கொண்டு மூன்றாவதை விட்டுவிடுகிறோம்.

அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டங்களில் நான் பலமுறை கேட்ட ஒரு பேச்சு இருக்கிறது. “எல்லாத்தையும் இலவசமாக் குடுத்து ஜனங்களைச் சோம்பேறி ஆக்கிட்டாங்க” என்று, செபமாலை முடித்த வாயோடு, நல்ல மனிதர்களே சொல்கிறார்கள். அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, ஆனால் இதில் அவர்கள் சொல்வது தவறு என்று உறுதியாக நினைக்கிறேன். தமிழக ரேஷன் கடைகளில் அரிசி விலையில்லாமல் வழங்கப்படுவது 2011 ஜூன் முதல் நடக்கிறது. அதற்கு முன் 2008 செப்டம்பரிலிருந்து கிலோ ஒரு ரூபாய். அந்த ஆண்டுகளில் வாடிப்பட்டிப் பக்கத்தில் நிலம் வைத்திருந்த என் உறவினர் ஒருவர், ரேஷன் அரிசி வந்ததிலிருந்து கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை என்று குறைப்பட்டுக்கொள்வார். கொஞ்சம் விசாரித்துப் பார்த்தேன். ஆள் இல்லாமல் இல்லை, அவர் கொடுத்த பழைய கூலிக்குத்தான் ஆள் இல்லை. வீட்டில் அரிசி இருந்ததால், ‘இந்தக் கூலிக்கு வர முடியாது ஐயா’ என்று சொல்லிவிட்டு ஒரு வாரம் காத்திருக்கும் தெம்பு அந்தப் பெண்களுக்கு முதன்முறையாக வந்திருந்தது. வேறு வழியில்லாமலோ, இதைவிடக் கேடு வந்துவிடும் என்ற அச்சத்தாலோ ஒரு தொழிலாளி கடினமான நிபந்தனைகளுக்கு ஒப்புக்கொண்டால், அவர் வன்முறைக்கும் அநீதிக்கும் ஆளானவர் என்று பதின்மூன்றாம் லியோ எழுதியிருக்கிறார். ஒப்புக்கொண்டார் என்பதாலேயே கூலி நியாயமாகிவிடாது. அந்த ஒப்புதலில் இருந்த பசியை ரேஷன் கடை எடுத்துப் போட்டது. இதைச் சோம்பல் என்று பெயரிட எனக்கு நா எழவில்லை.

ரேஷன் எல்லாருக்கும் எதற்கு, ஏழைக்கு மட்டும் கொடுத்தால் போதாதா என்பதும் அதே கூட்டங்களில் வரும் கேள்விதான். 1997இல் மைய அரசு, வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என்று குடும்பங்களைப் பிரித்து வழங்கும் முறைக்கு மாறியபோது, தமிழ்நாடு எல்லாருக்கும் பொதுவான முறையை விடாமல் வைத்துக்கொண்டது. ஏழைகளுக்கே முதலிடம் என்பது திருஅவையின் போதனை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஏழை யார் என்று கண்டுபிடிக்க ஓர் அலுவலர் வீட்டுக்குள் வந்து மிக்சியும் மின்விசிறியும் இருக்கிறதா என்று எண்ணத் தொடங்கும்போது, முதலில் பட்டியலிலிருந்து விழுபவர் பெரும்பாலும் ஏழைதான். அவருக்குச் சிபாரிசு செய்ய ஆள் கிடையாது. மேலும், ஆசிரியரான என் மனைவியும் அந்தப் பாத்திரம் தேய்க்கும் அம்மாவும் ஒரே கடையில் பருப்பு வாங்கினால், பருப்பில் புழு வந்த அன்று என் மனைவியின் குரலும் அங்கே கேட்கும். ஏழைக்கு மட்டுமான கடையில் அந்தக் குரல் இருக்காது.

எதிர்ப்பக்கத்தில் உள்ள நியாயத்தையும் சொல்ல வேண்டும். 1991இல் இரண்டாம் யோவான் பவுல், எல்லாவற்றையும் நேரடியாகத் தன் கையில் எடுத்துக்கொள்ளும் நலவாழ்வு அரசைக் கண்டித்து எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட அரசில் மனித ஆற்றல் மங்கும், அலுவலகங்கள் பெருகும், செலவு ஏறும், அருகில் இருப்பவரே தேவையை நன்றாக அறிவார் என்றார். இதற்கு அடிப்படையான துணைமை நெறியைப் பதினொன்றாம் பத்திநாதர் 1931இல் எழுதிய சுற்றுமடலில் தெளிவாக வகுத்திருந்தார். குடும்பமும் ஊரும் சிறு சங்கமும் தாமே செய்யக்கூடியதை மேலே உள்ள பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி என்பது அந்த நெறி. இதை எடுத்துக்காட்டி, ஆகவே அரசு விலகிக்கொள்ளட்டும், கோயில்களும் தரும சபைகளும் பார்த்துக்கொள்ளும் என்று வாதிடுபவர்கள் உண்டு. இலத்தீனில் அந்த நெறியின் பெயரே ‘சுப்சீதியும்’, அதாவது துணை, உதவி என்ற சொல்லிலிருந்து வந்தது. கீழே உள்ளவர் தடுமாறும்போது மேலே உள்ளவர் துணைக்கு வர வேண்டும் என்பதும் அதன் பாதிப் பொருள். எங்கள் சபையால் மாதம் முப்பது வீட்டுக்கு ஐந்து கிலோ அரிசி கொடுக்க முடியும். மதுரைக்கே அரிசி கொடுக்க எங்களால் ஆகாது, ஆகும் என்று பாசாங்கு செய்வதும் சரியில்லை.

துணைமை நெறி சரியாக வேலை செய்வதை நான் கண்ணால் கண்டது பள்ளிக்கூடத்தில். 31 ஆண்டுகள் கத்தோலிக்க நிர்வாகத்தின் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருந்தேன். திங்கட்கிழமைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு பிள்ளையாவது மயங்கி உட்காராத வாரம் அபூர்வம். ஞாயிறு வீட்டில் என்ன நடந்ததோ, திங்கள் காலை வெறும் வயிற்றோடு வந்து நிற்கும். என் மேசையின் இழுப்பறையில் எப்போதும் நாலைந்து குளுக்கோஸ் பிஸ்கட் பாக்கெட் வைத்திருப்பேன். பிள்ளையைத் தூணில் சாய்த்து உட்கார வைத்து, தண்ணீர் தெளித்து, பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துக் கொடுப்பேன். அடுத்த திங்கள் இன்னொரு பிள்ளை. இப்படியே எனக்கு ஓய்வு பெறும் வயதும் வந்துவிட்டது. மதிய உணவு அந்தப் பள்ளியில் இருந்தது. 1956இல் காமராசர் காலத்தில் விரிந்து, 1982இல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாகப் பெருகிய திட்டம் உதவி பெறும் பள்ளிகளையும் சேர்த்துக்கொண்டிருந்தது. காலை வயிற்றுக்குத்தான் ஒன்றும் இல்லை.

2022 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மதுரை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில் தொடங்கியது. முதல் கட்டத்தில் 1,545 அரசுப் பள்ளிகளில் சுமார் 1.14 லட்சம் பிள்ளைகள். அடுத்த ஆண்டு மாநிலத்தின் அரசுத் தொடக்கப்பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிந்தது. கிராமங்களில் உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் சமைப்பவர்கள் அந்தந்த ஊரின் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள், பல இடங்களில் அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் அம்மாக்களே. பணமும் அரிசியும் மேலேயிருந்து வருகின்றன, கையும் பக்குவமும் ஊரிலிருந்து. 1931ஆம் ஆண்டின் சுற்றுமடலை ஒருவருக்கு விளக்க வேண்டுமானால் காலை எட்டு மணிக்கு அந்தச் சமையற்கூடத்துக்கு அழைத்துப் போனால் போதும். ஆனால் உதவி பெறும் பள்ளிகள் அப்போது அதில் இல்லை. ஒரே தெருவில் அண்ணன் தம்பி வீட்டுப் பிள்ளைகளில் ஒன்று மாநகராட்சிப் பள்ளியில் சாப்பிட்டுவிட்டு உட்காரும், மற்றொன்று எங்கள் பள்ளியில் பசியோடு உட்காரும். ஊரகத்து உதவி பெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலையில்தான் அது வந்தது. நகர்ப்புறத்து 2,429 உதவி பெறும் பள்ளிகளுக்கு, மயிலாப்பூர் புனித சூசையப்பர் பள்ளியில் தொடங்கி, 2025 ஆகஸ்ட் 26 அன்று வந்து சேர்ந்தது. இந்த இடைவெளியில் என்னை வருத்தியது அரசின் தாமதம் மட்டுமல்ல. ஆசிரியர் பணியிடத்துக்கும் மானியத்துக்கும் மனு மேல் மனு எழுதிய எங்கள் நிர்வாகம், பிள்ளைகளின் காலைச் சோற்றைக் கேட்டு ஒரு மனு எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. நானும் எழுதச் சொல்லவில்லை. இழுப்பறையில் பிஸ்கட் இருந்தது, அதனால் நான் என் கடமையைச் செய்துவிட்டதாக நினைத்திருந்தேன்.

திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரத்தை நான் இப்போது வேறு கண்ணோடு படிக்கிறேன். எருசலேமின் முதல் கிறிஸ்தவக் கூட்டத்தில் எழுந்த முதல் முணுமுணுப்புகளில் ஒன்று சாப்பாட்டு வழங்கலைப் பற்றியது. கிரேக்க மொழி பேசுவோரின் கைம்பெண்கள் அன்றாடப் பந்தியில் விடுபட்டுப் போகிறார்கள் என்று புகார் வந்தது. பொறுமையாக இருங்கள், செபியுங்கள் என்று திருத்தூதர்கள் சொல்லி அனுப்பிவிடவில்லை. விடுபட்டவர்களுக்குத் தங்கள் கையிலிருந்து தனியாக ஏதோ கொடுத்துச் சமாதானப்படுத்தவும் இல்லை. கூட்டத்தைக் கூட்டி, பந்தியைப் பார்த்துக்கொள்ள எழுவரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா. எந்தப் பக்கத்துக் கைம்பெண்கள் விடுபட்டார்களோ, அந்தப் பக்கத்தவர் கையிலேயே பந்தி ஒப்படைக்கப்பட்டது போலத்தான் தெரிகிறது. ரேகை விழாத கைம்பெண் ஒருவர் கடையிலிருந்து வெறும் பையோடு திரும்புவது எங்கள் பங்கின் கவலை இல்லை, அது உணவு வழங்கல் துறையின் வேலை என்று இனி யாராவது சொன்னால், நான் இந்த அதிகாரத்தைத்தான் திறந்து காட்டுவேன்.

விடுபடுதலைப் பற்றிப் பேசும்போது எங்கள் வீட்டுக்குள்ளேயே உள்ள ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதியினர் ஆணை, இந்து அல்லாதவரைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், தலித் கிறிஸ்தவர் இன்றும் வெளியேதான். சேரியில் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு வீட்டில், ஒரு வீட்டுக்குப் பட்டியல் சாதியினருக்கான ஒதுக்கீடும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் உண்டு, கிறிஸ்தவக் கோயிலுக்குப் போகும் மற்ற வீட்டுக்கு இல்லை. இதை மாற்றக் கோரித் திருஅவை பல பத்தாண்டுகளாகக் குரல் கொடுப்பது நியாயமானது, நானும் ஊர்வலங்களில் நடந்திருக்கிறேன். ஆனால் தமிழகத்தின் சில கத்தோலிக்கக் கல்லறைகளில் சாதிச் சுவர் நின்றது நம் காலத்திலேதான். கல்லறையில் இடம் ஒதுக்கத் தெரியாத கை, அரசிடம் ஒதுக்கீடு கேட்டு நீளும்போது அதில் வலிமை இருக்காது.

தண்ணீரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், இங்கே ஒரு வரி மட்டும். பாதுகாப்பான குடிநீர் அடிப்படையான, எல்லா மனிதருக்குமான உரிமை என்று 2015இல் ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடல் சொல்கிறது. கோடையில் லாரி வரும் நாளைக் கணக்குப் பண்ணி வேலைக்கு லீவு போடும் பெண்களை எங்கள் பகுதியில் எல்லாருக்கும் தெரியும்.

அந்த அம்மாவின் கதைக்கு வருகிறேன். தானே வர இயலாதவர் தன் சார்பில் இன்னொருவரைப் பொருள் வாங்க நியமிக்க ஒரு படிவம் உண்டு என்பதும், கைபேசி எண்ணை மாற்ற விண்ணப்பிக்கலாம் என்பதும் தேடிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சபையில் 20 ஆண்டு உறுப்பினனாக இருந்தும், அரிசி கொடுக்கப் போன எந்த வீட்டிலும் நான் அதைக் கேட்டதில்லை. மூன்று முறை அலுவலகம் போனோம். முதல் முறை அலுவலர் இல்லை, இரண்டாம் முறை ஆதார் அட்டையில் இருந்த முதலெழுத்து குடும்ப அட்டையில் இல்லை என்றார்கள், மூன்றாம் முறை வேலை முடிந்தது. மே மாதத்திலிருந்து அடுத்த வீட்டுப் பெண் அவருக்காக அரிசி வாங்கி வரத் தொடங்கினார். ஜூனில் நாங்கள் வழக்கம்போலப் பையோடு போனபோது, “எனக்குத்தான் வந்துருச்சே தம்பி, இத எதுத்த வீட்டுக்குக் குடுங்க. அது புருஷன் கட்டடத்துல விழுந்து கெடக்கு” என்று கையைக் காட்டினார்.

எங்கள் சபையில் ஒரு நோட்டு உண்டு. தேதி, பெயர், கொடுத்தது, தொகை என்று நான்கு கட்டம் போட்டு நீளவாக்கில் எழுதுவோம். 2022 ஜூலைக் கூட்டத்தில் ஐந்தாவதாக ஒரு கட்டம் போட வேண்டும் என்று கேட்டேன். ‘வரவேண்டியது எது, எங்கே நிற்கிறது’ என்று அதற்குத் தலைப்பு. முதியவர் ஒருவர், நாம் ஏழைகளைப் பார்க்கப் போகிறோமா, மனு எழுதப் போகிறோமா என்று வருத்தத்தோடு கேட்டார். 1833இல் பாரீசில் இந்தச் சபையைத் தொடங்கிய ஃபிரெடெரிக் ஓசானாம் சட்டம் படித்தவர், ஏழையின் வீட்டுக்கு நேரில் போவதையும் ஏழ்மையின் காரணத்தைத் தேடுவதையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை என்று சொன்னேன். ஒத்துக்கொண்டார்கள். சென்ற மாதத்தின் ஒரு பக்கத்தில் ஒன்பது பெயர்கள் இருக்கின்றன. ஐந்தாம் கட்டத்தில் நான்கு பேருக்கு ஒன்றும் இல்லை, எல்லாம் வந்துவிட்டது. இரண்டு பேருக்கு மருத்துவக் காப்பீட்டு அட்டை நிற்கிறது. ஒரு பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழில் பெயர் ஏறவில்லை. கட்டடத்தில் விழுந்தவரின் நல வாரியப் பதிவு புதுப்பிக்கப்படாமல் கிடக்கிறது. கடைசிப் பெயருக்கு எதிரே, விதவை உதவித்தொகை, கிராம நிர்வாக அலுவலர் கையெழுத்து, செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி என்று என் கையெழுத்தில் இருக்கிறது.